இரண்டு ஓட்டம், பத்து யார்டு



இந்த மாதம் ஒரு தவறை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

போன இதழின் கடைசிப் பக்கங்களில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் வெளியாகியிருந்தது. தோள்பட்டையில் கவசம் கட்டிய இளைஞர்கள் மூன்று வரிசையாக நிற்கும் படம். இடத்தை நிரப்பக் கடைசி நேரத்தில் சேர்த்தது. அதன் கீழே ‘1950களின் கனடா கால்பந்து அணி ஒன்று’ என்று அச்சிட்டிருந்தோம். இதழ் போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில் டொராண்டோவிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவராம். எடுத்த எடுப்பில், “தம்பி, உது கால்பந்து இல்லை. பந்தைக் கையிலயெல்லே பிடிச்சுக்கொண்டு ஓடுறாங்கள். என்ர பேரன் உதைத்தான் பள்ளிக்கூடத்தில விளையாடுறான். உங்கட புத்தகத்தைப் பாத்திட்டுச் சிரிக்கிறான்” என்றார். மன்னிப்புக் கேட்டேன். போனை வைக்கப் போனவர், “அந்தப் படத்தில நிக்கிற சீனப் பொடியன் ஆரெண்டு தெரியுமோ?” என்றார். தெரியாது என்றேன். “தேடிப் பாருங்கோவன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

வாத்தியார் கொடுத்த வீட்டுப்பாடம். செய்யாமல் இருக்க முடியுமா? தேடினேன். அந்தப் பொடியனின் பெயர் நோர்மி குவாங். இந்த மாதப் பக்கம் முழுக்க அவருக்குத்தான்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் ஆள் புரிவார். நாம் கால்பந்து என்பதை அவர்கள் சாக்கர் என்கிறார்கள். அவர்கள் ஃபுட்பால் என்பது ரக்பியிலிருந்து பிறந்த வேறொரு விளையாட்டு. பந்து இரு முனையும் கூம்பிய நீள்வடிவம். அமெரிக்காவிலும் இதே விளையாட்டு உண்டு; ஆனால் கனடாக்காரர்கள் தங்களுடையதைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்க அணியில் பதினோரு பேர் என்றால் இங்கே பன்னிரண்டு பேர். மைதானமும் பெரியது, 110 யார்டு நீளம். எல்லாவற்றையும் விட முக்கியமான வேறுபாடு இன்னொன்று. பந்து கையில் இருக்கும் அணி பத்து யார்டு முன்னேற வேண்டும். அதற்கு அமெரிக்காவில் நான்கு வாய்ப்பு, கனடாவில் மூன்றே மூன்று. அந்த மூன்றாவதைப் பணயம் வைக்க அணிகள் எளிதில் துணிவதில்லை. தோற்றால் பந்து நின்ற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும் என்று பயந்து, பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்துவிடுகிறார்கள். ஆக, கனடாவில் உண்மையில் இருப்பது இரண்டு வாய்ப்பு. இரண்டு ஓட்டத்தில் பத்து யார்டு.

நோர்மி குவாங் தன் ஆட்ட வாழ்க்கை முழுவதும் ஓடிய ஓட்டங்களின் சராசரி ஓட்டத்துக்கு 5.2 யார்டு.

இந்த எண்ணைப் பார்த்ததும் நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு தடவை பந்தைக் கொடுத்தால் பத்து யார்டு, அதற்கு மேல் ஓர் அடி. ஆட்டம் கேட்கும் கணக்குக்குச் சரியாக அளந்து செய்த ஆள் போல. அவர் ஆடிய இடத்துக்கு ஃபுல்பேக் என்று பெயர். ஓரமாகப் பறந்து ஓடிக் கைதட்டல் வாங்கும் வேலை அல்ல. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, எதிரே நிற்கும் கும்பலின் நடுவே புக வேண்டும். நான்கைந்து பேர் மேலே விழுவார்கள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி அதே இடத்தில் புக வேண்டும். கபடியில் பாடிப் போகிறவருக்காவது கோட்டைத் தொட்டுத் திரும்பும் சுகம் உண்டு. இவருக்குத் திரும்பும் வழியே கிடையாது, முன்னால் மட்டும்தான். அப்படி ஆயிரத்து எழுநூறு தடவைக்கு மேல் புகுந்து 9,000 யார்டுக்கு மேல் சேர்த்திருக்கிறார்.

இனி ஆளைப் பற்றி. 1929 அக்டோபர் 24 அன்று ஆல்பர்ட்டா மாகாணத்தின் கல்கரி நகரில் பிறந்தவர். பெற்றோர் சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலுள்ள தாய்ஷானிலிருந்து வந்தவர்கள். கல்கரியில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். பிறந்தபோது வைத்த பெயர் லிம் குவாங் யூ. சீன வழக்கப்படி முன்னால் நிற்கும் லிம் என்பதுதான் குடும்பப் பெயர். கனடாவில் அது நோர்மன் லிம் குவாங் என்று திரும்பி, குவாங் என்பதே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. அப்பா பெயரையும் தன் பெயரையும் விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விழித்து, கடைசியில் ஊரெல்லாம் அப்பாவின் பெயர் சொல்லித் தன்னை அழைக்கக் கேட்ட நம் வெளிநாட்டு வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் பிறந்த ஆண்டைக் கவனியுங்கள். கனடாவுக்குள் சீனர்கள் வருவதைச் சட்டம் போட்டுத் தடுத்திருந்த காலம் அது. கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையில், மேற்கு மலைகளைக் குடையும் மிக ஆபத்தான வேலைக்கு ஏறக்குறைய 15,000 சீனத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். 1885இல் பாதை முடிந்தது. வேலை முடிந்த அதே ஆண்டில், உள்ளே வரும் ஒவ்வொரு சீனருக்கும் 50 டாலர் தலைவரி போட்டார்கள். அப்படியும் வந்துகொண்டிருந்ததால் 1900இல் 100 டாலர், 1903இல் 500 டாலர். ஒரு சீனத் தொழிலாளியின் இரண்டு ஆண்டுச் சம்பளம் அது என்கிறார்கள். சுமார் 81,000 பேரிடம் வசூலித்த தொகை 2 கோடியே 30 லட்சம் டாலர். 1923இல் வரியும் போதாதென்று கதவையே சாத்தினார்கள். சாத்திய நாள் ஜூலை 1, கனடா தன் பிறந்தநாளைக் கொண்டாடும் நாள். அங்கிருந்த சீனர்கள் அதை அவமான நாள் என்று அழைத்து, கொண்டாட்டத்தில் சேராமல் கடைகளை மூடினார்கள். அடுத்த இருபத்து நான்கு ஆண்டுகளில் உள்ளே அனுமதிக்கப்பட்ட சீனர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு என்று வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். குவாங் சிறுவனாக இருந்தபோது, அவருடைய தெருவில் சீனாவிலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்து இறங்கியிருக்க வாய்ப்பு ஏறக்குறைய இல்லை.

1947இல் அந்தச் சட்டம் நீங்கியது. மறு ஆண்டே, பள்ளிப் படிப்பை முடித்திருந்த பதினெட்டு வயது குவாங் ஊர் அணியான கல்கரி ஸ்டாம்பீடர்ஸில் சேர்ந்தார். கனடாவின் தொழில்முறை ஃபுட்பாலில் சீன வம்சாவளியில் வந்த முதல் ஆள் அவர்.

அந்த 1948 ஒரு கூத்தான ஆண்டு. லெஸ் லியர் என்ற பயிற்சியாளரின் கீழ் கல்கரி அந்தப் பருவத்தின் பன்னிரண்டு லீக் ஆட்டங்களிலும் வென்றது. அதற்குப் பிறகு கனடாவின் தொழில்முறை ஃபுட்பாலில் எந்த அணியும் அப்படி ஒரு முழுப் பருவத்தை முடித்ததில்லை. இறுதிப் போட்டியான கிரே கோப்பை டொராண்டோவில். மேற்கிலிருந்து ரசிகர்கள் தனி ரயில் பிடித்து, குதிரைகளையும் கூண்டு வண்டியையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டு டொராண்டோ நகர மண்டபத்துக்கு எதிரே அடுப்பு மூட்டி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தோசைக்கல்லில் பான்கேக் சுட்டுக் கொடுத்தார்கள். ராயல் யார்க் என்ற பெரிய ஓட்டலின் வரவேற்புக் கூடத்துக்குள் ஒருவர் குதிரையையே ஓட்டிக்கொண்டு போனார். கண்ணியம் பார்க்கும் டொராண்டோ வாயைப் பிளந்தது. கிரே கோப்பை வாரம் என்றால் ஊர்த் திருவிழா என்ற வழக்கம் அங்கிருந்துதான் பிடித்தது. நவம்பர் 27 அன்று ஒட்டாவாவை 12-7 என்று கல்கரி வீழ்த்தியது. குவாங்குக்குப் பத்தொன்பது வயது முடிந்து ஒரு மாதம்தான். கிரே கோப்பை வென்ற மிக இளையவர்களில் ஒருவர்.

1951இல் அவர் எட்மன்டன் அணிக்கு மாறினார். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் எட்மன்டனுக்குப் பக்கத்தில் லெடுக் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டிருந்தது. ஊர் பணத்தில் மிதக்கத் தொடங்கிய காலம். அந்த அணியின் அன்றைய பெயர் எஸ்கிமோஸ். வடதுருவத்துப் பழங்குடிகளைக் குறித்த, அவர்களே விரும்பாத அந்தப் பெயரை 2020இல்தான் கைவிட்டார்கள், இன்று எல்க்ஸ். குவாங்கையும் யாரும் பட்டப்பெயர் வைக்காமல் விடவில்லை. ‘சைனா கிளிப்பர்’. 1935இல் பசிபிக் கடலைத் தாண்டித் தபால் கொண்டுபோன புகழ்பெற்ற நீர்விமானத்தின் பெயர் அது. வேகத்தைப் பாராட்டித்தான் வைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கல்கரியில் பிறந்து கல்கரியில் வளர்ந்த பையனின் பெயரில் சைனா எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. அன்பாகக் கூப்பிடும்போதே ‘நீ வெளியூர்’ என்று நினைவூட்டும் பட்டப்பெயர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

எட்மன்டன் அணியின் பின்வரிசையைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். பந்தைக் கையாண்டவர் ஜாக்கி பார்க்கர், அமெரிக்காவின் தெற்கிலிருந்து, கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்த வெள்ளைக்காரர். குவாங்கோடு தோள் சேர்த்து ஓடியவர் ஜானி பிரைட், அமெரிக்கக் கறுப்பர். 1951இல் ஓக்லஹோமா மாநிலத்தில் நடந்த ஒரு கல்லூரி ஆட்டத்தில், பந்து தன்னிடம் இல்லாதபோது எதிரணி ஆள் திட்டமிட்டுக் குத்தியதில் பிரைட்டின் தாடை உடைந்தது. அந்த அடி விழும் காட்சியை வரிசையாகப் படம் பிடித்த இரண்டு பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு 1952இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. பிரைட்டை அமெரிக்காவின் பிலடெல்பியா அணி தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்தது. போக மறுத்துக் கனடாவுக்கு வந்துவிட்டார். ஆட்டம் முடிந்த பிறகும் எட்மன்டனிலேயே தங்கி, பள்ளித் தலைமையாசிரியராக வாழ்ந்து மறைந்தார். ஒரே பின்வரிசையில் மிசிசிப்பி வெள்ளைக்காரர், தாடை உடைபட்ட கறுப்பர், மளிகைக் கடைக்காரரின் சீன மகன். ஊருக்கு உபதேசம் செய்ய அவர்கள் அங்கே கூடவில்லை. ‘பாப்’ ஐவி என்ற பயிற்சியாளருக்கு வெல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதிலும் ஒரு அணியில் இத்தனை அமெரிக்கர்கள்தான் இருக்கலாம் என்ற உச்சவரம்பு இருந்ததால், அமெரிக்கர்களுக்கு ஈடாக ஓடக்கூடிய உள்ளூர்க்காரர் கிடைத்தால் தங்கக்கட்டி மாதிரி. குவாங் அந்தத் தங்கக்கட்டி.

1954, 1955, 1956. மூன்று ஆண்டும் இறுதிப் போட்டியில் எதிரே நின்றது மாண்ட்ரியால். மூன்று ஆண்டும் வென்றது எட்மன்டன். முதலாவது நம்ப முடியாத ஆட்டம். 25-20 என்று முன்னிலையில் இருந்த மாண்ட்ரியால், கடைசி சில நிமிடங்களில் எட்மன்டனின் கோட்டுக்கு அருகே வந்து பந்தைத் தவறவிட, பார்க்கர் அதை அள்ளிக்கொண்டு 90 யார்டு ஓடினார். பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு அப்போது ஐந்து புள்ளிதான். 25-25. அதைத் தொடர்ந்து வரும் ஒரு புள்ளி உதையில் 26-25. அது தவறவிட்ட பந்தா, வீசிய பந்தா என்று மாண்ட்ரியால்காரர்கள் அதன் பிறகு பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். 1955இல் வான்கூவரில் 34-19. குவாங் மட்டும் இரண்டு டச்டவுன். 1956இல் 50-27. அந்த ஆட்டத்தின் கடைசி உதை நடக்கவே இல்லை, ரசிகர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

1955இல் பத்திரிகையாளர்கள் கூடி அந்த ஆண்டின் சிறந்த கனடிய விளையாட்டு வீரராகக் குவாங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐஸ் ஹாக்கியை மூச்சாகக் கொண்ட நாட்டில், ஹாக்கிக்காரர்களை எல்லாம் தாண்டி. 1956இல் அவர் ஒரே பருவத்தில் ஓடிய 1,437 யார்டு, கனடாவில் பிறந்து வளர்ந்த ஆட்டக்காரர் ஒருவரின் சாதனையாக 56 ஆண்டுகள் நின்றது. 2012இல் ஜான் கார்னிஷ் அதைத் தாண்டினார், இருபது யார்டு வித்தியாசத்தில்.

1960இல் முப்பத்தொரு வயதில் ஆட்டத்தை விட்டார். பங்கு வணிகம், நிலம் கட்டடம் வாங்கி விற்பது என்று சாதாரண வேலைகள். நான்கு மகன்கள். 1971இல் ஆல்பர்ட்டா சட்டமன்றத் தேர்தலில் நின்றார். அவர் கட்சி முப்பத்தாறு ஆண்டு கால ஆட்சியைக் கவிழ்த்து, அலையடித்து வென்றது. அந்த அலையிலும் குவாங் தோற்றார். இதை நான் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஏனென்றால் முதலமைச்சரான பீட்டர் லோஹீடும் எட்மன்டன் அணியில் ஆடியவர். அவருக்குப் பிறகு முதலமைச்சரான டான் கெட்டி குவாங்கோடு சேர்ந்தே ஆடியவர். ஒரு ஃபுட்பால் அணி மாகாணத்துக்கு இரண்டு முதல்வர்களைக் கொடுத்தது. அதன் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவருக்குத் தன் தொகுதியில் கரை சேர முடியவில்லை.

1980இல் அட்லாண்டாவின் ஹாக்கி அணி கல்கரிக்கு இடம் மாறியபோது அதன் பங்குதாரர்களில் ஒருவரானார். அந்த ஃபிளேம்ஸ் அணி 1989இல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அதில் உரிமையாளர்களின் பெயரையும் பொறிப்பார்கள். கிரே கோப்பையிலும் ஸ்டான்லி கோப்பையிலும் பெயர் இருக்கும் மிகச் சிலரில் குவாங்கும் ஒருவர்.

இந்த இரண்டு கோப்பைகளும் வந்த வழி ஒன்று. ஸ்டான்லி பிரபு, கிரே பிரபு இருவருமே கனடாவில் பிரிட்டிஷ் முடியின் பிரதிநிதியாக, தலைமை ஆளுநராக இருந்தவர்கள். ஸ்டான்லி 1892இல் கொடுத்தார், கிரே 1909இல். கிரே கோப்பையைக் கொடுத்த அந்த நாட்களில் நாடு சீனர்களிடம் தலைக்கு 500 டாலர் வசூலித்துக்கொண்டிருந்தது. 2005 ஜனவரியில், ஆல்பர்ட்டாவில் ராணியின் பிரதிநிதியாக, நம்மூர் ஆளுநரைப் போன்ற பதவியில், நோர்மி குவாங் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். கோப்பை கொடுத்தவர்களின் வரிசையில் கோப்பை வாங்கியவர் போய் உட்கார்ந்தார். தேர்தலில் நுழைய முடியாத அந்தச் சட்டமன்றத்தின் ஒவ்வொரு மசோதாவும் 2010 வரை அவர் ஒப்புதலுக்கு வந்தது. இடையில் 2006 ஜூனில், தலைவரிக்காகவும் கதவடைப்புக்காகவும் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இதை ஒரு நாட்டின் பெருந்தன்மைக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. 1923க்கும் 1947க்கும் இடையில் மனைவி மக்களைச் சீனாவில் விட்டுவிட்டு, சலவைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் தனியாகக் கிழமான ஆயிரக்கணக்கானவர்களின் பெயர் எந்தக் கோப்பையிலும் இல்லை. நாடு கதவைத் திறந்ததால் குவாங் உள்ளே வந்தார் என்பதைவிட, கதவு திறப்பதற்கு முன்பே அவர் கல்கரித் தெருவில் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார் என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

2016 செப்டம்பர் 3 அன்று, எண்பத்தாறு வயதில், பிறந்த அதே கல்கரியில் குவாங் இறந்தார்.

வாத்தியார் ஐயா, வீட்டுப்பாடம் முடிந்தது, மதிப்பெண் போட்டு அனுப்புங்கள். மற்ற வாசகர்கள் போன இதழை எடுத்து, படத்தின் கீழே இருக்கும் ‘கால்பந்து’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘கனடியன் ஃபுட்பால்’ என்று எழுதிக்கொள்ளவும். பேரனுக்கு எங்கள் அன்பு.

அன்புடன்,
ஆசிரியர்